ஒரே பாடநூல், ஒரே தேர்வு, வாய்ப்பும் ஒன்றுதானா?

இந்த நாட்டில் அரசாங்க இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மாணவர் எல்லாருக்கும் பாடத்திட்டம் ஒன்று. பாடநூல் ஒன்று. ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வும் ஒன்று. சிரம்பான் நகரின் பழம்பெரும் பள்ளியில் படிப்பவருக்கும், சுவா வட்டாரத் தோட்டத்திலிருந்து விடியற்காலையில் பேருந்தேறிப் போகிறவருக்கும் கேள்வித்தாள் வேறல்ல. அப்படியிருக்க, முடிவுகள் மட்டும் ஏன் இத்தனை வேறுபடுகின்றன?

கல்வியைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்கிறார் பெற்றோர். வீட்டில் கவனிப்பார் இல்லை என்கிறார் ஆசிரியர். அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்கிறது சமுதாயம். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒருவரை ஒருவர் குறை சொல்வதால் நோய் தீர்ந்துவிடாது. ஏற்றத்தாழ்வு எந்த இடத்தில், எந்த வயதில், எப்படி உண்டாகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் மருந்து எங்கே தேவை என்பது விளங்கும்.

தோட்டப் பள்ளி எதற்காக வந்தது?

போர்ட்டிக்சன் மாவட்டத்தில், லுக்குட்டிலிருந்து சிப்பாங் நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் சுவா. அதைச் சுற்றியும், தெற்கே சுவா பெத்தோங், சுங்காலா, சிலியாவ் என்று நீளும் பகுதியிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இத்தோட்டங்களில்தான் நெகிரி செம்பிலான் தமிழர்களின் பல தலைமுறைகள் வாழ்ந்தன. மாநிலத்தில் இருக்கும் 61 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் இன்றும் 'தோட்டம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டப் பள்ளிகளின் பிறப்பை நினைவில் வைத்தால் இன்றைய சிக்கல் பாதி புரியும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் சொன்னதற்காகப் பள்ளிகள் வந்தன. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புகளும் ஒன்றாக. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ பாடம் நடத்திய தோட்டங்களும் உண்டு. தொழிலாளி குடும்பத்தோடு தோட்டத்தில் தங்க வேண்டும் என்பதே நிர்வாகத்தின் கவலை. அந்தப் பிள்ளை ஆரம்பப் பள்ளிக்குப் பிறகு என்ன செய்யும் என்பது யாருடைய திட்டத்திலும் இல்லை.

அதே காலத்தில் நகரங்களில் ஆங்கில இடைநிலைப்பள்ளிகள் வளர்ந்தன. சிரம்பானில் செயின்ட் பால் பள்ளியும் கிங் ஜார்ஜ் பள்ளியும் புகழ்பெற்று விளங்கின. அங்கே படித்த இந்தியர்கள் பெரும்பாலும் அரசாங்க ஊழியர், ரயில்வே ஊழியர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள். தோட்டத்துப் பிள்ளைக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவே சில மைல் தூரம் மட்டுமல்ல, மொழியும் கட்டணமும் நின்றன. ஆகவே நம் சமுதாயத்துக்குள்ளேயே இரண்டு கல்விப் பாதைகள் அன்றே பிரிந்துவிட்டன. இதை மறந்துவிட்டு, 'இந்திய மாணவர்' என்று எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசினால் தோட்டப்புற மாணவரின் நிலை கண்ணில் படாமலே போய்விடும்.

கதவு திறந்தது, படி உயரமாக இருந்தது

சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, 1960-ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆகியவை தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்விமுறைக்குள் கொண்டுவந்தன. ஆனால் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றது. தமிழ் இடைநிலைப்பள்ளி என்ற ஒன்று இந்த அமைப்பில் இல்லை.

1964 வரை ஆறாம் ஆண்டு முடிவில் நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தேறியவர்கள்தான் இடைநிலைப்பள்ளிக்குப் போனார்கள். அந்தத் தேர்வு நீக்கப்பட்டதும் எல்லாரும் மூன்றாம் படிவம் வரை தொடரலாம் என்ற நிலை வந்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் வகுப்பில் இடம் கிடைப்பது வேறு, அந்த வகுப்பில் நடத்தப்படும் பாடம் புரிவது வேறு. 1976-ஆம் ஆண்டு முதல் முன்னாள் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் படிவமும் மலாய்மொழிக்கு மாறியது. 1980-களின் தொடக்கத்துக்குள் ஆறாம் படிவம் வரை அம்மாற்றம் முடிந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் ஒரு பாடமாக மட்டும் இருந்த மலாய்மொழி, ஏழாவது ஆண்டில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் வாகனமாகிவிட்டது.

ஏழாம் ஆண்டில் நேரும் சறுக்கல்

தோட்டப்புற மாணவரின் கல்வியில் மிக ஆபத்தான இடம் எது என்று கேட்டால், பலரும் எஸ்.பி.எம். தேர்வைச் சொல்வார்கள். உண்மையில் அது முதலாம் படிவத்தின் முதல் சில மாதங்கள்தான்.

நாற்பது ஐம்பது பேர் படிக்கும் சிறிய தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். அதன் அப்பா யார், அண்ணன் எங்கே வேலை செய்கிறான் என்பதும் தெரியும். அங்கிருந்து அந்தப் பிள்ளை ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்குப் போகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மொழி வேறு, சூழல் வேறு. நேற்றுவரை தமிழில் சரளமாகக் கேள்வி கேட்ட பிள்ளை, இன்று தவறாகப் பேசிவிட்டால் சிரிப்பார்களே என்று வாயைத் திறப்பதில்லை. கேள்வி கேட்காத மாணவனுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று ஆசிரியரும் நினைத்துக்கொள்கிறார்.

இந்தத் தாவலை எளிதாக்க ஏற்பட்டதுதான் ரிமூவ் வகுப்பு என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் புதுமுக வகுப்பு. யு.பி.எஸ்.ஆர். தேர்வின் மலாய்மொழித் தாள்களில் குறைந்தது சி நிலை பெறாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் ஓராண்டு மொழி கற்ற பின்னரே முதலாம் படிவத்துக்குப் போனார்கள். நோக்கம் நல்லது. நல்ல ஆசிரியர் அமைந்த இடங்களில் அந்த ஓராண்டு பல மாணவரைத் தூக்கி நிறுத்தியும் இருக்கிறது. ஆனால் அதை ஒரு தண்டனை வகுப்பாக நடத்திய இடங்களில் விளைவு எதிர்மாறாகிவிட்டது. ஒத்த வயதுக்காரர்களைவிட ஓராண்டு பின்தங்கியவன் என்ற முத்திரை விழுகிறது. மூன்றாம் படிவம் வரும்போது வயது பதினாறு. வீட்டில் பணத்தட்டுப்பாடு, வெளியே சம்பாதிக்கும் நண்பர்கள். பள்ளியை விட்டு நிற்க இதைவிடப் பொருத்தமான வேளை வேண்டியதில்லை.

யு.பி.எஸ்.ஆர். 2021-ஆம் ஆண்டிலும், மூன்றாம் படிவத்துக்கான பி.டி.3 தேர்வு 2022-ஆம் ஆண்டிலும் கைவிடப்பட்டன. தேர்வுச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் அந்தத் தேர்வுத்தாள்தான் பல பெற்றோருக்குப் பிள்ளையின் நிலையைக் காட்டும் ஒரே கண்ணாடியாக இருந்தது. வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையில் வரும் தேர்ச்சி நிலைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் பெற்றோர் முன்கூட்டியே டியூஷனுக்கு ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அந்த அறிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பும் வீட்டில், உண்மை நிலை தெரிய வரும்போது பிள்ளை ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரே பள்ளிக்குள் இரண்டு பள்ளிகள்

ஏற்றத்தாழ்வு ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் நடுவில் மட்டும் இருப்பதில்லை. ஒரே பள்ளியின் முதல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் நடுவிலும் அது இருக்கிறது. மதிப்பெண் வரிசைப்படி மாணவரைப் பிரிக்கும் பள்ளிகளில், மொழி தடுமாறும் மாணவர் முதலாம் படிவத்திலேயே கடைசி வகுப்புகளில் சேர்கிறார். அந்த வகுப்பு இப்படித்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டால், அங்கே பாடமும் மெதுவாகிறது, எதிர்பார்ப்பும் தாழ்கிறது. அவன் கற்கத் தவறியது மொழியை. பறிபோவதோ அறிவியலும் கணிதமும்.

இதன் பலன் நான்காம் படிவத்தில் தெரிகிறது. அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பிரிவினை 2020-ஆம் ஆண்டு மாற்றப்பட்டு, பாடத் தொகுப்புகளாக எடுக்கும் முறை வந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை விரிந்தது உண்மை. ஆனால் கூடுதல் கணிதமோ இயற்பியலோ வேதியியலோ எடுக்காத மாணவருக்குப் பொறியியலும் மருத்துவமும் பதினாறு வயதிலேயே மூடப்பட்டுவிடுகின்றன. அந்தக் கதவு மூடுவதை வீட்டில் யாரும் கவனிப்பதுகூட இல்லை. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம். 2013-ஆம் ஆண்டு முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்ற பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றும் இந்த இரண்டில் ஒன்றில் தவறினால் சான்றிதழ் இல்லை. ஏழாம் ஆண்டில் சறுக்கிய மொழி, பதினொன்றாம் ஆண்டில் வந்து கணக்குக் கேட்கிறது.

தூரமும் வருமானமும்

படிப்பு இலவசம் என்றாலும் படிக்கப் போவது இலவசமல்ல. பள்ளிப் பேருந்து, சீருடை, பயிற்சி நூல்கள், புறப்பாட நடவடிக்கைகள் என்று மாதந்தோறும் செலவு உண்டு. பால் வெட்டும் நாளைப் பொறுத்தும், மழையைப் பொறுத்தும் வருமானம் பெற்ற குடும்பங்களுக்கு இது எளிய சுமையல்ல. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று 2013-ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025-ஆம் ஆண்டு அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஏழை மாணவர் அறநிதி 2003-ஆம் ஆண்டு முதல் உதவி வருகிறது. ஆனாலும் நகரத்துப் பெற்றோர் ஒரு பாடத்துக்கான டியூஷனுக்குக் கொடுக்கும் பணமே தோட்டத்து வீட்டில் வாரச் சாமானாக இருக்கும்.

இதோடு இடம்பெயர்வும் சேர்ந்தது. 1998-ஆம் ஆண்டு சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. நீலாய், சிரம்பான் பக்கம் புதிய குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குப் போயின. லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தையும் கோயில் தலைவரும் பிள்ளையைக் கண்டித்தார்கள். அடுக்குமாடியில் அப்பாவும் அம்மாவும் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போன பிறகு கேட்பார் யாரும் இல்லை. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு வீட்டில் பிள்ளைக்கொரு கணினி. இன்னொரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவின் ஒரு கைப்பேசி, அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான்.

எஸ்.பி.எம். தாண்டியும் சமமில்லை

தரமான இடைநிலைக் கல்விக்கென்றே நாட்டில் சிறப்புப் பள்ளிகள் உண்டு. முழுநேர விடுதிப் பள்ளிகளும் மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளும் அவ்வகை. முதல் மாரா அறிவியல் கல்லூரி 1972-ஆம் ஆண்டு சிரம்பானில்தான் தொடங்கப்பட்டது. கிராமத்து மலாய்ப் பிள்ளைகளை விடுதியில் தங்க வைத்து, நல்ல உணவும் நல்ல ஆசிரியரும் கொடுத்தால் அவர்களும் மேலே வருவார்கள் என்பதை இந்தப் பள்ளிகள் நிரூபித்தன. அதே ஏழ்மையில், அதே தொலைவில் வாழ்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு ஏற்பாடு அமையவில்லை. வசதி கிடைத்தவரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. வாய்ப்புக் கொடுத்தால் பலன் வரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது என்பதே இதன் பொருள்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பல்கலைக்கழகம் போக இரண்டு முக்கிய வழிகள். ஒன்று ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதுவது. மற்றது ஓராண்டு மெட்ரிகுலேஷன். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்ற பங்கீடு நீண்ட காலமாகச் சர்ச்சைக்குரியது. 2012-ஆம் ஆண்டு இந்திய மாணவருக்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டு, 10ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் 10ஏ எடுக்கும் தோட்டப்புற மாணவர் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து ஏ, ஆறு ஏ எடுத்து நிற்கும் கூலித்தொழிலாளியின் மகள்தான் இன்றும் வாசலில் காத்திருப்பவள்.

பிற நாடுகள் என்ன செய்தன?

பின்லாந்து 1972-க்கும் 1977-க்கும் இடையில் தன் பள்ளிமுறையை மாற்றியது. சிறு வயதிலேயே மாணவரை இரண்டாகப் பிரிக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, பதினாறு வயது வரை எல்லாருக்கும் ஒரே பள்ளி என்றாக்கியது. பின்தங்குபவனைத் தனியே ஒதுக்காமல், பின்தங்கிய அந்த வாரமே உதவி ஆசிரியர் வந்தார். பிசா எனப்படும் அனைத்துலக மதிப்பீடு 2000-ஆம் ஆண்டில் முதன்முறையாக நடந்தபோது, வாசிப்பில் அந்நாடு முதலிடம் பெற்றது. அண்மைக் காலத்தில் அதன் புள்ளிகள் இறங்கியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எந்த நாட்டின் முறையும் மந்திரக்கோல் அல்ல.

அண்டை நாடான சிங்கப்பூர் நேர்மாறான வழியில் தொடங்கியது. 1980-களிலிருந்து இடைநிலை மாணவரைத் திறன்வாரியாகப் பிரித்து நடத்தியது. முத்திரை குத்துவதால் உண்டாகும் தீங்கை உணர்ந்து, 2024-ஆம் ஆண்டு முதலாம் படிவ மாணவர் முதல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. இப்போது ஒரு மாணவர் கணிதத்தை உயர்நிலையிலும் ஆங்கிலத்தை அடுத்த நிலையிலும் படிக்கலாம். அங்குள்ள இந்திய மாணவர் பின்தங்குவதைக் கண்டு 1991-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிண்டா அமைப்பு, சமுதாயத்தின் மாதச் சந்தாவைக் கொண்டே துணைப்பாட வகுப்புகள் நடத்துகிறது.

வியட்நாம் நமக்கு மேலும் நெருக்கமான பாடம். வருமானத்தில் மலேசியாவுக்கு மிகவும் பின்னால் இருக்கும் நாடு அது. 2022-ஆம் ஆண்டு பிசா மதிப்பீட்டில் கணிதத்தில் வியட்நாம் 469 புள்ளி; மலேசியா 409. சிங்கப்பூர் 575. வாசிப்பில் மலேசியா 2018-இல் பெற்ற 415 புள்ளி, 2022-இல் 388 ஆகக் குறைந்தது. பணம் வேண்டும், ஆனால் பணம் மட்டுமே தரத்தைக் கொண்டுவராது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரியில் சேர்வது அரிதாகிப் போனபோது, 2020-ஆம் ஆண்டு அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது. சாதியோடு, படித்த பள்ளியையும் ஏழ்மையின் அடையாளமாகக் கணக்கில் எடுத்த முறை அது. இலங்கை மலையகத்தில் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றது 1970-களில்தான். அங்கே பெரிய குறை, கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் தமிழாசிரியர் இல்லாதது. அதனால் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அமைத்து, மலையக இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். தோட்டத்தை அறிந்தவரே தோட்டத்துப் பிள்ளைக்கு ஆசிரியராக வரும்போது, அந்தப் பிள்ளைக்குப் படிப்பின் பலன் கண்ணெதிரே நிற்கிறது.

தரம் என்பது ஏ-க்களின் எண்ணிக்கையா?

மலேசிய மாணவர் சராசரியாகப் பன்னிரண்டரை ஆண்டுகள் பள்ளியில் கழித்தாலும், உண்மையில் கற்பது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குரிய அளவே என்று 2024-ஆம் ஆண்டு உலக வங்கி அறிக்கை சுட்டிக்காட்டியது. இது எல்லா இனத்துக்கும் பொதுவான சராசரி. கடைசி வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் இழப்பது அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். 2025-ஆம் ஆண்டு, இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பிள்ளை பதினேழு வயது வரை பள்ளியில் இருக்க இது உதவும். ஆனால் பள்ளியில் இருப்பதும் கற்பதும் ஒன்றல்ல.

ஆகவே ஒரு பள்ளியின் தரத்தை அதன் முதல் மாணவரை வைத்து அளப்பதை விட்டு, கடைசி வகுப்பு மாணவர் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தார் என்று அளக்க வேண்டும். பத்து ஏ பெற்றவரின் படத்தைப் பத்திரிகையில் போடுவது மகிழ்ச்சி. புதுமுக வகுப்பில் தொடங்கி ஐந்து பாடங்களில் தேறிய மாணவரும் அதே அளவு பாராட்டுக்குரியவர். சொல்லப்போனால், அவர் ஏறி வந்த படிகள் அதிகம்.

நம் கையில் இருப்பவை

கொள்கை மாறும்வரை பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். பெற்றோர் மூன்று கட்டங்களைத் தவறவிடக் கூடாது. முதலாவது, ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளி தொடங்கும் முன்னுள்ள விடுமுறை. அந்த வாரங்களில் தினமும் ஒரு மணி நேரம் மலாய்மொழி நாளிதழையோ கதைநூலையோ வாசிக்கச் செய்தால் முதலாம் படிவத்தின் அதிர்ச்சி பாதி குறையும். இரண்டாவது, மூன்றாம் படிவ இறுதி. எந்தப் பாடத்தை விட்டால் எந்தத் தொழில் கைநழுவும் என்று ஆலோசக ஆசிரியரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, எஸ்.பி.எம். முடிவு வருவதற்கு முந்தைய மாதங்கள். மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பாலிடெக்னிக், தொழிற்திறன் கல்லூரி ஆகியவற்றின் விண்ணப்பத் தேதிகள் யாருக்காகவும் நிற்பதில்லை.

தமிழையும் விட்டுவிடக் கூடாது. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்த 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழி செய்கிறது. கேட்காததால் நழுவிய வகுப்புகள் பல. தமிழில் சிந்தித்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்நியமான அந்தப் பெரிய பள்ளியில் தலைநிமிர்ந்து நிற்கும் ஓர் இடம் அந்த வகுப்புதான்.

சமுதாயத்தின் பங்கும் புதிதல்ல. 1982-ஆம் ஆண்டு டாக்டர் எம்.தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், கோயில் மண்டபங்களையும் பள்ளி அறைகளையும் வகுப்புகளாக்கி, பல்கலைக்கழக மாணவர்களை ஆசிரியர்களாக்கியது. முன்பு படித்து முன்னேறியவர் பின்னால் வருபவருக்குக் கைகொடுக்கும் முறை அது. சுவா, லுக்குட், சிலியாவ் போன்ற இடங்களில் கோயில் உண்டு, மண்டபம் உண்டு, தோட்டத்தில் பிறந்து பட்டம் பெற்றவர்களும் உண்டு. வாரம் இரண்டு மாலை, முதலாம் படிவ மாணவருக்கு மலாய்மொழியும் கணிதமும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கு போதும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைத் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். விடுதி, பேருந்து, முதலாம் படிவத்தில் துணை ஆசிரியர், வருமான அடிப்படையில் மெட்ரிகுலேஷன் இடம் ஆகியவை சலுகைகள் அல்ல, குடிமக்களின் உரிமைகள். கேள்வித்தாள் ஒன்றாக இருப்பது மட்டும் சமத்துவம் ஆகாது. அந்தத் தாளின் முன் வந்து உட்காரும் வரை பிள்ளைக்குக் கிடைத்த உணவும் மொழியும் ஆசிரியரும் நம்பிக்கையும் ஓரளவாவது ஒன்றாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளையை மற்றவரோடு ஒரே கோட்டில் நிறுத்திவிட்ட பிறகு, ஓட்டத்தில் வெல்வதும் தோற்பதும் அவன் கையில்.